உலைக்களம் – 11: மூசை சொல்லும் கதை

கடந்த வாரம் துருத்தியோடு நிறுத்தினோம். காற்றை ஊதி நெருப்பின் சூட்டை ஏற்றத் தெரிந்துகொண்ட மனிதனுக்கு அடுத்து வந்து நின்ற கேள்வி சின்னது, ஆனால் சிக்கலானது. உருகும் உலோகத்தை எதில் வைப்பது? மரம் எரிந்துபோகும். ஈரம் பொதிந்த கல் சூட்டில் வெடிக்கும். செம்பை உருக்கச் செம்புப் பாத்திரம் உதவாது. கடைசியில் மண்தான் கைகொடுத்தது. அதுவும் எல்லா மண்ணும் இல்லை.

அந்த மண் கிண்ணத்தைத்தான் நம் பத்தர்கள் மூசை என்கிறார்கள். குகை என்றும் சொல்வதுண்டு. உலோக வரலாறு எழுதுகிறவர்கள் தங்கத்தையும் இரும்பையும் பக்கம் பக்கமாகப் புகழ்வார்கள்; மூசைக்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம். என்னைக் கேட்டால், ஒரு காலத்து மனிதன் எந்த உலோகம் வரை போக முடிந்தது என்பதை அவன் கையிலிருந்த மூசைதான் முடிவு செய்தது. இந்த வாரம் அதன் கதை.

பாலோவில் உட்கார்ந்துகொண்டு மூசையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். குளுவாங் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிற்றூர் ரப்பருக்கும் செம்பனைக்கும் அறியப்பட்டதே தவிர உலோகத்துக்கு அல்ல. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909இல் முழுமையான ரயில் பாதையில் இதுவும் ஒரு நிறுத்தம். ஆனால் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு மூசையின் வடிவத்தை விளக்கத் தேவையில்லை. மரத்தில் தொங்கிய பால் மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறியது, அடி குறுகியது, சுவர் தடித்தது. பட்டறையில் பத்தர் குறட்டால் கவ்வித் தூக்கும் மூசை அவ்வளவுதான்.

சூட்டுக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். காரீயம் 327, துத்தநாகம் 419. வெள்ளிக்கு 962, தங்கத்துக்கு 1064, செம்புக்கு 1085. சுத்த இரும்புக்கோ 1538. சாதாரணக் குயவர் மண்ணில் இரும்புத் துருவும் சுண்ணாம்பும் கலந்திருக்கும்; அதனால் 1100 பாகையைத் தாண்டியதும் பல மண்கள் குழையத் தொடங்கிவிடும். ஈயத்துக்கும் வெள்ளிக்கும் ஊர்ச் சட்டி போதும். தங்கத்துக்கும் செம்புக்கும் மண்ணைத் தேர்ந்தெடுத்துப் பிசைய வேண்டும். எஃகுக்கு அந்த மண்ணும் போதாது. பழங்கால உலோகக் கலைஞன் பாதிக் குயவனாகவும் இருந்தே ஆக வேண்டியிருந்தது.

முதலில் தங்கப் பட்டறை. புது மூசையில் நேரே தங்கத்தைப் போடுவதில்லை. உள்ளே வெண்காரத்தைத் தூவிச் சுடுவார்கள். வெண்காரம் உருகிச் சுவரெங்கும் கண்ணாடிப் பூச்சாகப் படியும். மண்ணின் நுண்துளைகள் அடைபடும், பொன் உள்ளே இறங்காது. பிறகு தங்கத்துண்டும் கலப்புக்கான செம்பும் வெள்ளியும். 10 கிராம் சுத்தத் தங்கத்தை நம் ஊர் நகைக்கடைகளில் எழுதியிருக்கும் ‘916’ ஆக மாற்ற, ஏறக்குறைய 0.9 கிராம் கலப்பு சேர்க்க வேண்டும். செம்பு கூடினால் நிறம் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். ஒரே 916 நகை கடைக்குக் கடை நிறம் மாறித் தெரிவது இதனால்தான். மேலும் ஒரு சிட்டிகை வெண்காரம் போட்டால் அழுக்கெல்லாம் அதில் ஒட்டி மேலே மிதக்கும். உருகிய பொன்னின் முகம் ஆடாமல் பளபளவென்று உருண்டு நிற்கும் கணத்தில், எண்ணெய் தடவிச் சூடாக்கிய இரும்பு அச்சில் ஊற்றுவார்கள். அச்சு குளிர்ந்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ பொன் தெறிக்கும்.

மூசை என்றாவது ஒருநாள் விரிசல் விடும். அப்போதும் அதை வீசுவதில்லை. இடித்துப் பொடியாக்கி, தண்ணீரில் அரித்து, சுவரில் ஒட்டிய பொன்துளிகளை மீட்பார்கள். பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பைக்கே விலை உண்டென்றால் மூசையை விடுவார்களா?

இனி இரும்புக்கு வருவோம். பெரும்பாலான பழங்கால உலைகளில் இரும்பு உருகியதில்லை. தாதுவைக் கரியோடு சுட்டால் கசடு உருகி வழியும். இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக அடியில் தங்கும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துக் கசடைப் பிழிந்தெடுத்தால் தேனிரும்பு. கெடாவில் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த இரும்பு உலைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தவை காற்று ஊதும் களிமண் குழாய்கள். மூசை வேலை வேறு.

தமிழகத்திலும் தக்காணத்திலும் இலங்கையிலும் ஒரு படி மேலே போனார்கள். தேனிரும்பை மூசைக்குள் அடைத்து, கரியூட்டி, உருக்கியே விட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் பிற்காலத்தில் ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று பெயரிட்டு வியந்த உருக்கு. மேற்காசியாவின் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருளாகப் போனதும் இந்த வகை உருக்குதான். ஈரோடு பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் பேராசிரியர் கா. ராஜனும் குழுவினரும் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு வேலைக்கான உலைகளும் மூசைத் துண்டுகளும் வெளிப்பட்டன. சேலம், தென்னார்க்காடு வட்டாரங்களிலும் இத்தகைய களங்கள் உண்டு. மேல்சிறுவளூரில் கிடந்த மூசை ஓடுகளை 1990களில் ஆராய்ந்த சாரதா சீனிவாசன், உட்சுவரில் ஒட்டியிருந்த உலோகத் துணுக்குகளைக் கொண்டே அங்கே உயர்கரி உருக்கு உருக்கப்பட்டதை நிறுவினார். உருக்கு சந்தைக்குப் போய்விட்டது. ஓடு சாட்சி சொல்ல அங்கேயே கிடந்தது.

இதன் செய்முறையை நேரில் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். 1839இல் வெளியான அவருடைய கட்டுரை சேலம் வட்டார முறையை விவரிக்கிறது. அரை ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல் வரை தேனிரும்புத் துண்டுகள். அவற்றோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகள். மேலே எருக்கிலை மூடி. மூசையின் வாயைப் பிசைந்த களிமண்ணால் இறுக அடைப்பு. மண் காய்ந்ததும் 20 முதல் 24 மூசைகளைச் சிறிய உலையில் வளைவாக அடுக்கிக் கரி மூடி ஊதினால், இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆறிய மூசையை உடைத்தால் அடிப்பக்கத்தின் வடிவத்திலேயே ஓர் உருக்குக் கட்டி.

ஆவாரையும் எருக்கும் மந்திரத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. குச்சியும் இலையும் மூடிய மூசைக்குள் கருகிக் கரியாகின்றன. அந்தக் கரி இரும்புக்குள் ஏறுகிறது. கரி ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. ஒன்றரை விழுக்காடு கரி சேர்ந்தால் 1400 பாகையை ஒட்டியே உருகிவிடும். சுத்த இரும்பை உருக்க முடியாத கரியுலையும் கைத்துருத்தியும் இந்தக் கலவையை உருக்கிவிடும். சூட்டை ஏற்ற வழியில்லாதவர்கள் உருகுநிலையை இறக்கினார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான உலோக வேலையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரி, 1400 பாகையை அந்த மண் எப்படித் தாங்கியது? விடை நெல் உமி. களிமண்ணோடு உமியைத் தாராளமாகச் சேர்த்துப் பிசைந்தார்கள். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சூட்டுக்குச் சளைக்காத பொருள். மூசைச் சுவருக்குள் காற்றுப் புகாததால் உமி முழுவதும் எரியாமல் கருகி, கரிச் சட்டகமாகச் சுவருக்குள்ளேயே நிற்கும். சுவரிலிருக்கும் நுண்துளைகள் விரிசலை மேலே ஓடவிடாமல் நிறுத்தும். உடைந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தால் உள்ளே கன்னங்கரேலென்று உமித்தடங்கள் தெரியும்; வெளிப்பக்கம் உருகிப் பச்சைக் கண்ணாடி போலப் பளபளக்கும். களத்துமேட்டில் காலில் மிதிபட்ட உமிதான் இந்த உருக்குக்கு அடித்தளம்.

ஐரோப்பாவில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர். நல்ல வில்கம்பி கிடைக்காத எரிச்சலில் 1740 வாக்கில் ஷெஃபீல்டில் மூசை உருக்குக்கு வழி கண்டார். அவருடைய வெற்றியிலும் சரிபாதி நல்ல தீமண் மூசைக்கு உரியது. 1795இல் வூட்ஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்குப் போவதற்கு முன் சில ஆண்டுகள் இந்த உருக்கைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹீத்தும் ஷெஃபீல்டுக்குப் போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதைக் காக்க வழக்காடியே மிச்சக் காலத்தைக் கழித்தார். சேலத்து உலைக்காரர்களின் கதை இன்னும் மோசம். காட்டுக்கரி எட்டாத பொருளானது, மலிவு இரும்பு கப்பலில் வந்திறங்கியது, உலைகள் அணைந்தன.

அடுத்த திருப்பம் இலங்கையில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மண் மூசையின் இடத்தைக் கிராஃபைட் மூசை பிடிக்கத் தொடங்கியது. பென்சிலுக்குள் இருக்கும் அதே பொருள்தான். சூட்டை விரைவாகக் கடத்தும், திடீரென்று குளிர்ந்தாலும் வெடிக்காது, உருகிய உலோகம் சுவரில் அவ்வளவாக ஒட்டாது. லண்டன் பேட்டர்சியில் மார்கன் சகோதரர்கள் 1856இல் இதற்கென்றே ஆலை திறந்தார்கள். அமெரிக்காவில் இன்று பென்சிலுக்கு நினைக்கப்படும் ஜோசப் டிக்சனுக்கு மூசை பெரிய வியாபாரம். இந்த மூசைகளுக்கு மிக உகந்த கிராஃபைட் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக, மிகுந்த தூய்மையோடு கிடைத்த நாடு இலங்கை. கேகாலைப் பக்கம் போகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ போன்ற சுரங்கங்களிலிருந்து தோண்டி ஏற்றுமதி செய்தார்கள். இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தந்தை செல்வம் சேர்த்ததும் இந்தத் தொழிலில்தான். முதல் உலகப் போரில் பீரங்கிக்கும் குண்டுக்கும் பித்தளையும் உருக்கும் உருக்க வேண்டிவந்தபோது ஏற்றுமதி உச்சிக்குப் போனது. போர் முடிந்ததும் விழுந்தது, மடகாஸ்கர் கிராஃபைட் போட்டிக்கு வந்தது. ஐரோப்பாவின் ஆயுதச் சாலைகளில் கொதித்த உலோகம் இலங்கைக் கரியில் செய்த கிண்ணத்தில் கொதித்தது என்பதைப் போர் வரலாற்று நூல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூசைக்குள் ஒன்றோடொன்று கலந்தவற்றையும் பார்ப்போம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிப் புதைகுழிகளிலும் கிடைத்த சில மெல்லிய கிண்ணங்களில் வெள்ளீயம் ஏறக்குறைய 23 விழுக்காடு. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் ஆறிய நிலையில் அடித்தால் கண்ணாடி போல நொறுங்கும். சிவக்கச் சுட்டு, அந்தச் சூட்டிலேயே தட்டி மெலித்து, தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். இதே வகைக் கிண்ணங்கள் தாய்லாந்தின் டோன் தா பெட் அகழாய்விலும் வந்தன. இந்தியாவில் வெள்ளீயம் அரிது. அது கொட்டிக் கிடந்தது நம் மலாய்த் தீபகற்பத்திலிருந்து மேலே தாய்லாந்து, பர்மா வரை ஓடும் நிலப்பட்டை. வங்கக் கடல் வணிகத்தில் மிளகைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஈயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பஞ்சலோகம் பற்றி ஒரு வார்த்தை. ஜொகூர்க் கோயில்களில் கும்பாபிஷேகம் என்றால் சுவாமிமலையிலிருந்து உற்சவர் வருவது வழக்கம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஐந்து உலோகம் என்ற பேச்சுக்கும் ஆய்வுக்கூடக் கணக்குக்கும் இடைவெளி உண்டு. சோழர் காலத் திருமேனிகளைச் சோதித்தால் செம்பு, வெள்ளீயம், காரீயம் இவைதான் கணக்கில் வருகின்றன. தங்கமும் வெள்ளியும் வெறும் சுவடளவு. அதனால் அவற்றின் மதிப்பு ஒரு குன்றிமணியும் குறையாது. காரீயம் சேர்த்ததே கெட்டிக்காரத்தனம். உலோகக் குழம்பு நீர்த்து, விரல் நகம் வரை ஓடி நிரம்பும்.

துத்தநாகம் மட்டும் எல்லோரையும் ஏய்த்த உலோகம். 907 பாகையில் ஆவியாகப் பறந்துவிடும். அதைத் தாதுவிலிருந்து பிரிக்கவோ அதைவிட அதிகச் சூடு வேண்டும். திறந்த மூசையில் புகையைத்தான் பார்க்கலாம். ராஜஸ்தானத்து ஜாவரில் கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாக அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் 1738இல் காப்புரிமை பெறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. வேலை முடிந்த குடுவைகளை அந்த ஊரில் வீட்டுச் சுவர் கட்டவே பயன்படுத்தினார்கள்.

உருகுநிலையை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு சுத்த வெள்ளீயம். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறு பாகையைச் சுற்றியே நிற்கும், சொம்பு பிழைக்கும். வெறும் சொம்பை அடுப்பில் மறந்துவிட்டால் 232 பாகையில் அது அடுப்புக்குள் வழிந்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் தூவி, துணியால் இழுத்து ஈயம் பூசியதும் இந்தக் குறைந்த உருகுநிலையின் தயவு.

அந்த ஈயத்தை உலகுக்கு அள்ளிக் கொடுத்த மலாயாவில் உருக்கும் தொழில் யார் கையில் இருந்தது? முதலில் சீன முதலாளிகளின் மண் உலைகள். 1887இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி தொடங்கப்பட்டு, 1890இல் சிங்கப்பூரை ஒட்டிய பிரானித் தீவில் பெரிய உருக்காலையைத் திறந்தது. பின்னர் பட்டர்வொர்த்தில் இன்னொன்று. பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டிய தாது இங்கே கட்டியாகிக் கப்பலேறியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை சரிந்தபோது நம் நாட்டில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஜொகூருக்கு உருக்கும் பெருமையும் வாய்க்கவில்லை. பாலோவுக்குத் தென்மேற்கே பத்து பகாட் மாவட்டத்து ஸ்ரீ மேடானில் 1920களின் தொடக்கத்திலிருந்து ஜப்பானியரான இஷிஹாரா ஹிரோய்ச்சிரோவின் நிறுவனம் இரும்புத் தாதுவை வெட்டி ஜப்பானிய ஆலைகளுக்கு அனுப்பியது. தாது போனது, உலையும் உருக்கும் ஜப்பானிலேயே இருந்தன.

பொன் வேலையில் மட்டும் தமிழர் கை இந்த மண்ணில் மிகப் பழையது. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குளோங் தோமில் கிடைத்த சிறிய உரைகல் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். பொற்கொல்லன் பெரும்பத்தனின் கல் என்று வாசிக்கிறார்கள். மாற்றுப் பார்க்கும் கல்லோடு கடல் தாண்டி வந்தவர் மூசையில்லாமலா வந்திருப்பார்? மலாக்காவில் 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கும் தெருவுக்கே பொற்கொல்லர் தெரு என்றுதான் பெயர்; ஜாலான் துக்காங் ஏமாஸ்.

இன்றைக்கு வருவோம். பெரிய நகை ஆலைகளில் மின்தூண்டல் உலை சில நிமிடங்களில் தங்கத்தை உருக்குகிறது. அதற்குள்ளும் இருப்பது கிராஃபைட் மூசைதான். கையால் செய்யும் பட்டறைகளின் நிலை வேறு. 2009 முதல் பொற்கொல்லர், முடிதிருத்தும், ஜவுளித் தொழில்களுக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்கத் தடை இருந்தது. 2023இல் அரசாங்கம் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை எடுக்க அனுமதிப்பதாக அறிவித்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராததே காரணம் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். ஊதியமும் பயிற்சியும் சரியாக இருந்தால் வருவார்கள் என்பது என் கட்சி.

குளுவாங், சிகாமாட், யோங் பெங் வட்டார வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவோ மாமாவோ பத்தர் வேலை பார்த்த வீடுகளில் பழைய மூசை, ஊதுகுழல், உரைகல், கம்பி இழுக்கும் தகடு ஏதாவது பெட்டியில் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, யார் பயன்படுத்தியது, எந்த ஊரில், எந்த ஆண்டுவாக்கில் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். மூசையைக் கழுவ வேண்டாம்; உட்சுவரில் ஒட்டியிருப்பதுதான் ஆய்வாளருக்குத் தேவை. அடுத்த வாரம் உரைகல்லையும் மாற்றுப் பார்க்கும் முறையையும் எடுத்துக்கொள்வோம்.